கப்பல் வயிற்றுத் தண்ணீரும் என் வாயும்

கப்பல் ஒரு ஊரில் தண்ணீர் குடித்து இன்னொரு ஊரில் துப்பும். துப்புவதற்கு முன்னால் அந்தத் தண்ணீருக்குள் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதுதான் எங்கள் தொழில்.

சிரிக்காதீர்கள். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகக் கிளம்பும் கப்பல் கடலில் ஆடும். ரொம்ப ஆடினால் கவிழும். அதனால் வயிற்றுக்குள் இருக்கும் தொட்டிகளில் அந்தத் துறைமுகத்துத் தண்ணீரையே நிரப்பிக்கொண்டு கிளம்புவார்கள். அடுத்த ஊரில் சரக்கு ஏற்றும்போது அதைத் திறந்துவிடுவார்கள். தண்ணீரோடு சிப்பிக் குஞ்சு, நண்டுக் குஞ்சு, பாசி, கிருமி எல்லாம் பாஸ்போர்ட் இல்லாமல் வந்து இறங்கும். இறங்கினது சும்மா இருக்காது. உள்ளூர் மீனின் சாப்பாட்டைத் தின்னும், கல்லு கம்பமெல்லாம் ஒட்டிக்கொள்ளும், குடும்பம் நடத்தும். இதைத் தடுக்கக் கப்பலில் ஒரு மிஷின் மாட்டுகிறார்கள். தண்ணீரில் இருப்பதைக் கொல்வது அதன் வேலை. நிஜமாகவே கொல்கிறதா என்று வெளி ஆள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வெளி ஆளோடு வலையும் வாளியும் தூக்கிக்கொண்டு போகிறவள் நான். பெயர் நஸீமா. வயது பதினெட்டு. வீடு தாராவி, லேப் செம்பூர். எங்கேயாவது வேலைக்குப் போய், எவரிடமாவது திட்டு வாங்கி, லோக்கல் ரயிலில் ஒற்றைக் காலில் நின்று வீடு திரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு இது புரியாது.

வேலைக்கு எடுத்த கதை

பன்னிரண்டோடு படிப்பை விட்டேன். பிடிக்கவில்லை, விட்டேன். இதற்குச் சோகக் கதை எதுவும் கிடையாது. வாப்பாவுக்குத் தாராவியில் தோல்பைப் பட்டறை. "படிக்கலன்னா பட்டறைக்கு வா, ஜிப்பு தையி" என்றார். ஜிப் தைத்திருக்கிறீர்களா? முழு நாளும் ஒரே பல்வரிசையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பல் டாக்டருக்காவது ஆள் மாறும். செம்பூரில் ஒரு லேப்பில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் என்ன லேப் என்றுகூடக் கேட்காமல் ஓடினேன்.

லேப்பின் ஓனர் லலிதா மேடம். வீடு மாட்டுங்கா. அறுபதை எட்டிப் பார்க்கும் வயது, பருத்திப் புடவை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் கை. "நீச்சல் தெரியுமோ?" என்றார். தெரியாது. "பயாலஜில மார்க் எவ்வளவு?" சொல்லமாட்டேன். "பின்னே எதுக்குடி இந்த வேலைக்கு வந்தே?" ஜிப் தைக்கப் பிடிக்கவில்லை என்றேன். பக்கத்தில் நின்ற மணி அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது. கப்பலில் ஏறித் தண்ணீர் சாம்பிள் எடுப்பவர் அவர்தான், டோம்பிவிலியிலிருந்து வந்துபோகிறவர்.

மழைக்காலம் முடியும்வரை தற்காலிகம், ஒழுங்காக இருந்தால் அதற்கப்புறம் நிரந்தரம் என்றார் மேடம். வீட்டில் வாப்பாவும் அதே கெடுவைப் போட்டார்: மழை நிற்கும்போது வேலை நிரந்தரமாகவில்லை என்றால் ஜிப். ஆக, நான் ஒருத்தி மட்டும் பம்பாயில் மழை நிற்கவே கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போது மேடம் சொன்னது: "நீ சொன்ன காரணம் ரொம்ப மட்டம். ஆனா பொய் இல்லே. நாளைக்குக் கார்த்தால வந்துடு."

நடிகர்

உயிர் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பெரிய விஞ்ஞானமாக இருக்கும் என்று நானும் பயந்தேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து மெல்லிய ஊசியால் குத்துவார்கள். நகர்ந்தால் உயிர். நகராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி குத்துவார்கள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள் என் தட்டில் ஒரு துடுப்புக்காலி. இறாலை மணல் அளவுக்குச் சுருக்கியது மாதிரி இருக்கும். மல்லாந்து கிடந்தது. "செத்துப்போச்சு" என்றேன். "குத்து" என்றார் மணி அண்ணன். குத்தினேன். அசையவில்லை. "எழுதிடவா?" "இன்னொரு தடவை குத்து." எனக்குப் பொறுமை கிடையாது, கொஞ்சம் கோபமாகவே குத்தினேன். துள்ளியது பாருங்கள் ஒரு துள்ளு! கண்ணுக்கு நேராக ஒரு ராட்சசன் பாய்ந்த மாதிரி இருந்தது. நான் போட்ட கத்தலில் உள்ளே இருந்த மேடத்தின் கையிலிருந்து கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. மணி அண்ணன் மட்டும் அசையாமல் சொன்னார்: "காலையில டோம்பிவிலி லோக்கல்ல என்னைப் பாத்தா நீ செத்தவன்னுதான் எழுதுவ. குர்லாவுல வண்டி மாற யாராவது குத்தினாத்தான் நானும் நகருவேன்."

எங்கள் சாலில் என் புகழ்

உம்மா செய்த ஒரே தப்பு, "எம்மவ தண்ணி டெஸ்ட் பண்ணுத ஆபீஸ்ல இருக்கா" என்று எங்கள் சாலில், அதாவது ஒட்டி ஒட்டி இருக்கும் வரிசை வீடுகள் முழுக்க, சொன்னது. மறுநாள் விடிந்ததும் வாசலில் பாட்டில்கள். குழாய்த் தண்ணீர், டிரம் தண்ணீர், கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர். மூன்றாம் வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் மிதக்கும் தங்கமீனைக் கொண்டுவந்து, "இது எப்பம் செத்துச்சு, யாரு காரணம்னு பாத்துச் சொல்லு" என்றாள். அவளுக்கு மாமியார் மேல் சந்தேகம்.

நான் பார்ப்பது கப்பல் தண்ணீர், குழாய்த் தண்ணீர் இல்லை என்று தொண்டை வற்றச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அன்றைக்கென்று பார்த்துக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. அதற்கும் நான்தான் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது. வெறுங்குடத்தோடு நின்ற கதீஜா மாமி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலில் கேட்டார்: "கப்பத் தண்ணியில பூச்சிக்கு உசுரு இருக்கான்னு பாக்குதியே, நம்ம கொழாய்க்கு என்னைக்குட்டி உசுரு வரும்?"

லக்கேஜ் டப்பா

சில சாம்பிள்களைக் கப்பலில் பார்த்தால் போதாது. லேப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் உள்ளே இருப்பது செத்துப்போவதற்கு முன்னால். சூடாகக் கூடாது, குலுங்கக் கூடாது, வெயில் படக் கூடாது. இவ்வளவு சொகுசாக நான் வாழ்ந்ததே இல்லை. டாக்ஸி எல்லாம் ஒரே நெரிசலில் நின்றுவிட்டதால், ஒருநாள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் லக்கேஜ் டப்பாவில், அதாவது சுமை தூக்கி வருகிறவர்களின் பெட்டியில், ஏறினேன். அங்கே கோளி மீன்காரப் பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். என் ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் ஒரு மாவுஷிக்கு (மராத்தியில் சித்தி) மூக்கு வேர்த்துவிட்டது. இவள் யார் புதுப் போட்டி?

"என்ன மீன்?" என்றாள் மராத்தியில். மீன் இல்லை, மீனின் குட்டிக்குட்டி உறவுக்காரர்கள், கண்ணுக்குத் தெரியாது என்றேன். "கண்ணுக்குத் தெரியாததை எந்த மடச்சி வாங்குவா?" டப்பாவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் கப்பல் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். மாவுஷியின் சிரிப்பு நின்றது. தங்கள் பக்கத்தில் படகுக் கயிறெல்லாம் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சிப்பி அப்பிக் கிடக்கிறது, தின்னவும் முடியாது விற்கவும் முடியாது, சுரண்டினால் மறுவாரம் மறுபடி வருகிறது, அதுவும் இப்படி வந்த பயல்தானா என்று கேட்டாள். அப்படித்தான் மேடம் சொல்வார் என்றேன். செம்பூர் வந்தது. நான் இறங்க எழுந்தபோது, கூடைக்காகக் கால்களை அகட்டி உட்கார்ந்திருந்த மாவுஷி ஒரு இஞ்ச்கூட நகராமல் சொன்னாள்: "டிக்கெட் எடுக்காம ஏறினதுதான் என்னைக்கும் சீட்டை விடாது."

(அவளிடம் டிக்கெட் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை.)

ஒரு டம்ளர் தண்ணீர்

இனி என் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு கப்பலில் புது மிஷின் மாட்டியிருந்தார்கள். மாட்டிய கம்பெனியின் இன்ஜினியர் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டினார். ஃபில்டர் பார், விளக்கு பார், பட்டன் பார் என்று கல்யாண வீட்டில் சீர்வரிசை காட்டுகிற மாதிரி. மணி அண்ணன் தலையாட்டிக்கொண்டே வந்தார். எனக்குப் பசி. "இதிலிருந்து வர்ற தண்ணி அவ்வளவு சுத்தம். அப்படியே குடிக்கலாம்" என்றார் இன்ஜினியர்.

குழாய் பக்கத்திலேயே இருந்தது. என் கையில் கழுவிய டம்ளர் இருந்தது. பிடித்து நீட்டினேன். "குடிங்க சார்." நான் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே அவர் குடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். தொட்டிக்குள் கிடந்த கடல் தண்ணீர், துரு வாசனையோடு. அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணி அண்ணன் மேலே ஓடும் பைப்புகளை எண்ணத் தொடங்கினார். சாயங்காலம் லேப்புக்கு ஃபோன் வந்தது. "மேடம், டெஸ்ட் பண்ண வேண்டியது தண்ணியை. உங்க பொண்ணு என்னை டெஸ்ட் பண்ணுது."

மூன்றே மூன்று

மேடம் என்னை உட்கார வைத்துப் பேசினார். நம் சோறு கப்பல்காரர்கள் கையில் இருக்கிறது, ஊரில் நாம் ஒரே லேப் இல்லை, ஒருத்தரைச் சீண்டினால் நாலு பேர் வேறு இடம் போவார்கள் என்றார். எல்லாம் சரிதான். அப்புறம் சட்டம் போட்டார். "கப்பல் ஏறினா நீ மூணே மூணு சொல்லலாம். எஸ் சார். நோ சார். தேங்க்யூ சார். நாலாவதா ஒண்ணு பேசப்படாது. உன் வாயால இன்னும் ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்துதோ, மழை நிக்கறவரைக்கும்கூட காத்திருக்க மாட்டேன், நீ ஜிப் தைக்கப் போயிடலாம்."

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். அடுத்த கப்பலின் கேப்டன் நல்ல மனிதர், வெளிநாட்டுக்காரர், பேச்சுத் துணைக்கு ஏங்கிப்போயிருந்தார். டீயா காபியா என்றார். தேங்க்யூ சார். சர்க்கரை? நோ சார். மும்பையில் எப்போதும் இப்படித்தான் மழையா? எஸ் சார். உன் ஊரில் பார்க்க வேண்டிய இடம் ஏதாவது? தேங்க்யூ சார். படியிறங்கும்போது அவர் மணி அண்ணனின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "எங்களுக்கு வர்ற புயல் எச்சரிக்கைகூட இதைவிட அன்பா இருக்கும்."

வாப்பா வந்தார்

செம்பூரில் ஒரு கடைக்குப் பை டெலிவரி கொடுக்க வந்த வாப்பா, அப்படியே லேப்புக்குள் நுழைந்துவிட்டார். தோல் வாசனை, நூல் ஒட்டிய சட்டை, கையில் டெலிவரி போக மிஞ்சிய ஒரு பை. மேடத்துக்குப் பரிசு. மேடம் வாங்கமாட்டேன் என்றார், வாப்பா வைத்துவிட்டுத்தான் உட்காருவேன் என்றார், கடைசியில் பை மேசையிலும் வாப்பா நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். "அப்படி என்னதான் பாக்குதியோ, எனக்கும் காட்டுங்க."

மைக்ராஸ்கோப்பில் ஒரு துடுப்புக்காலியை வைத்துக் காட்டினேன். வாப்பா குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. "ஏ நஸீமா, ஒத்தக் கண்ணுல்லா இருக்கு!" ஆமாம், அதற்கு ஒரே கண்தான், நெற்றி நடுவில். அது உருண்டது, வாப்பாவும் கூடவே தலையை உருட்டினார். மேடத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆயிரம் லிட்டர் தண்ணீரில் இந்த மாதிரி பத்து உயிரோடு இருந்தால்கூட அந்தக் கப்பல் ஃபெயில் என்று விளக்கினார். இவ்வளவு பெரிய கப்பல், இத்துனூண்டு பூச்சி, நியாயமா என்று வாப்பா கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. தலையை மெதுவாக ஆட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "நல்லாப் புரியுது மேடம். ஜிப்புல ஒரு பல்லு போனா முழுப் பையும் ரிட்டன் வந்துரும். அதான் சொல்லுதேன், ரெண்டும் ஒரே வேலதான். பட்டறைன்னா வீட்டுக்குப் பக்கம்."

எலுமிச்சை வாசனை

மழை போகிற போக்கில் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனது. தண்டவாளத்தில் தண்ணீர். மணி அண்ணன் டோம்பிவிலியிலேயே மாட்டிக்கொண்டார். அன்றைக்கு ஒரு கப்பலுக்குப் புது மிஷின் சோதனை. கப்பலிலேயே முதல் பார்வை பார்த்து, பாஸா ஃபெயிலா என்று அங்கேயே சொல்ல வேண்டும். "நானே வரேன்" என்றார் மேடம். புடவைக்கு மேல் ரெயின்கோட், அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட், தலையில் ஹெல்மெட். ஆடும் படிக்கட்டில் அவர் ஏறியதைப் பார்த்துக் கப்பல்காரர்கள் மேலே வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். கப்பல் தரப்பு வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் ஒருவர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் வாட்ச், வாயில் "ஜல்தி ஜல்தி." கடல் ஏற்றம் இருக்கும்போதுதான் கப்பல் வெளியே போக டாக் கதவைத் திறப்பார்கள். விட்டால் அடுத்த ஏற்றம் வரை கப்பல் அங்கேயே நிற்கும். சோதனை முடியாமல் கிளம்பவும் முடியாது.

இன்ஜின் ரூமில் சூடு சட்டி மாதிரி. குழாயிலிருந்து தண்ணீர் எங்கள் வலை வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வலையில் தங்கியது வாளியில் சேர்ந்தது. அதிலிருந்து எடுத்து, நாங்கள் கொண்டுபோன சின்ன மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். குத்தினேன். நகரவில்லை. மறுபடி குத்தினேன். ஒன்றுகூட நகரவில்லை. மேடமும் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் போயிடுத்து. பாஸ்" என்றார். ஏஜென்ட் எழுந்தே விட்டார். அப்போது எனக்கு மூக்கில் ஒரு வாசனை அடித்தது. எலுமிச்சை. கடல் தண்ணீரில் எலுமிச்சைக்கு என்ன வேலை? வாளியைப் பார்த்தேன். விளிம்பில் குட்டிக்குட்டியாக நுரை.

எங்கள் வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது. சோப்பு பட்டால் உள்ளே இருப்பது தானாகச் செத்துப்போகும். கொன்றது மிஷினா சோப்பா என்று யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறந்தேன், உடனே மூடினேன். முன்னால் நிற்பது கஸ்டமர். நாலாவதாக ஒரு வார்த்தை வந்தால் கம்ப்ளெயின்ட். கம்ப்ளெயின்ட் வந்தால் ஜிப். பேசாமல் இருந்தால் கப்பல் கிளம்பும், எல்லோரும் கை குலுக்குவார்கள், வேலை என் கையில். மேடம் பேனாவைத் திறந்தார். என்னால் முடியவில்லை. கையில் இருப்பது மூன்றே மூன்று. அதிலிருந்து ஒன்றை எடுத்தேன்.

"நோ சார்."

மேடம் திரும்பினார். "என்னடி?"

"நோ சார்" என்றேன் மேடத்தைப் பார்த்து. ஏஜென்ட், "க்யா நோ?" என்றார். "நோ சார்" என்று அவருக்கும் ஒன்று கொடுத்துவிட்டு வாளியை மேடத்தின் மூக்குக்குக் கீழே நீட்டினேன். மேடம் முகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். விசாரித்ததில் கப்பலின் சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தார், ரத்னகிரிக்காரர், நல்ல மனுஷன். வந்ததும் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வாளியை எடுத்துப்போய், பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வெந்நீரும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவைத்திருக்கிறார். "இவ்வளவு பெரியவங்க படியேறி வந்திருக்காங்க, அழுக்கு வாளியையா கொடுக்கறது?"

ஏஜென்ட்டுக்குப் பொறுக்கவில்லை. "செத்தது செத்ததுதானே மேடம்! யார் கொன்னா என்ன? இது என்ன போலீஸ் ஸ்டேஷனா?" அவ்வளவுதான். நான் அதுவரை பார்க்காத ஒரு லலிதா மேடம் வெளியே வந்தார். இங்கிலீஷில் தொடங்கி, ஹிந்தியில் ஏறி, கோபம் முற்றியதும் நேராக மாட்டுங்காத் தமிழுக்கே வந்துவிட்டார். ஏஜென்ட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு எழுத்துக்கூட அவருக்குப் புரியாமல் போகவில்லை. இன்ஜின் ரூமில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் மூலையில் வாளியோடு, வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். மேடம் முடித்த விதம் இது: "சோப்பு கொன்னதுக்கு மிஷினுக்கு சர்டிஃபிகேட் குடுக்கணும்னா, எதுக்குய்யா அந்த மிஷின்? தூக்கிக் கடாசிட்டு டாங்குக்கு ஒரு சோப்புக் கட்டியைப் போட்டுண்டு போயேன்!"

ஓனர் சாருக்கு

முதலிலிருந்து எல்லாம் மறுபடி செய்தோம். வாளியைக் கடல் தண்ணீரிலேயே அலசினேன். சமையல்காரர் பக்கத்தில் காவல் நின்றார், ஒரு ஈகூட வாளியைத் தொடாமல். மறுபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர், மறுபடி வலை, மறுபடி குத்தல். முடிவு என்ன தெரியுமா? எல்லாம் செத்துக் கிடந்தது, இந்த முறை நேர்மையாக. மிஷின் நல்ல மிஷின். பாஸ். அதற்குள் டாக் கதவு மூடிவிட்டது. கப்பல் அடுத்த ஏற்றத்துக்கு நின்றது. ஏஜென்ட் எங்களை வழியனுப்பக்கூட வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் மனசுக்குள் ஜிப் தைக்கத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் லேப் நம்பருக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். அதை ரகசியமாகக் கேட்க மேடத்துக்குத் தெரியாது, ஸ்பீக்கரில்தான் போடுவார். மணி அண்ணன், நான், டீ கொண்டுவந்தவர், எல்லோரும் கேட்டோம். ஏஜென்ட்டின் குரல், ஹிந்தியில், ரொம்ப மரியாதையாக. லேப்பின் ஓனர் யாரோ ஒரு ஆண் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருக்கிறார் போல. "ஓனர் சார், நேத்து உங்க லேப்லேர்ந்து ஒரு வயசான அம்மா வந்தாங்க. வாய் ரொம்ப ஜாஸ்தி. கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசணும்னே தெரியல. இது என் கம்ப்ளெயின்ட். இனிமே அவங்களைக் கப்பலுக்கு அனுப்பாதீங்க. கூட வந்த சின்னப் பொண்ணை அனுப்புங்க. அது அளவாப் பேசுது, சார்னு கூப்பிடுது."

மணி அண்ணன் மைக்ராஸ்கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. மேடம் மெசேஜை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். சட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. என் மேல் கம்ப்ளெயின்ட் இல்லை. சாட்சிக்குக் கஸ்டமரின் குரலே இருக்கிறது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, மழை முடிந்தேவிட்டது. மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிரந்தர வேலைக்கான கடிதத்தை அடிக்கச் சொல்லி மணி அண்ணனிடம் சைகை காட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்லவேளை, நான் ஓனராப் பொறந்தேன். இல்லேன்னா நாளைலேர்ந்து உங்கப்பா பட்டறைல நான்னா ஜிப் தைச்சிண்டிருப்பேன்!"

எதுவும் உயிரோடு இருந்துவிடக் கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்ளும் ஒரு தொழிலில் நான் இப்போது நிரந்தரம். இதற்கு வாழ்த்துச் சொல்வதா, அனுதாபம் சொல்வதா என்பதை, நீங்களும் வேலைக்குப் போகிறவர்கள்தானே, உங்களிடமே விட்டுவிடுகிறேன்.